பூட்டைத் தொடாமலே போன பெட்டி: ஒரு புறநகர் வீட்டில் பாதுகாப்புப் பெட்டகம் தேர்ந்த விதம்

தென்சென்னைப் புறநகர் ஒன்றில், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் இடுப்பளவுக்கு மூழ்கிய ஒரு தெருவில், ஓய்வுபெற்ற தம்பதியும் மகனும் மருமகளும் பேத்தியும் வசிக்கும் மாடி வீடு ஒன்றில் நடந்த திருட்டையும், அதன் பிறகு அந்தக் குடும்பம் புதிய பெட்டகம் ஒன்றைத் தேர்ந்து பொருத்திய விதத்தையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. கட்டடப் பொறியாளன் என்ற முறையில் பெட்டகம் வைக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்வதற்காகத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் எந்தப் பெட்டி, எதற்காக என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் இடத்தைப் பற்றிப் பேச முடியாது என்பதால், பேச்சு முதலிலிருந்தே தொடங்கியது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுவதற்குக் குடும்பத்தார் இசைந்தார்கள்.

நிகழ்வு

குலதெய்வக் கோயில் கொடைக்காகக் குடும்பம் முழுவதும் தென்மாவட்டத்துக்குச் சென்றிருந்த நேரம் அது. வீடு பூட்டிக் கிடந்தது. கொல்லைப்புறக் கதவின் தாழ்ப்பாள் நெம்பப்பட்டிருப்பதை எதிர்வீட்டார் பார்த்துத் தொலைபேசியில் சொல்ல, மகன் அன்றிரவே பேருந்து ஏறித் திரும்பினார். தரைத்தளத்துப் படுக்கையறையில் இருந்த இரும்பு பீரோவின் கதவுகள் கடப்பாரையால் வளைக்கப்பட்டு, புடவைகளெல்லாம் கட்டிலின் மேல் கொட்டப்பட்டிருந்தன. பீரோவின் உள் லாக்கரை உடைக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு ஏற்படவில்லை. அதன் சாவி, பெரும்பாலான வீடுகளில் இருப்பதைப் போலவே, அதே பீரோவின் மேல்தட்டில் பட்டுப்புடவை மடிப்புக்குள் இருந்தது. அந்த லாக்கரில் சில ஆயிரம் ரூபாய்த் தாள்களும் வெள்ளிக் காசுகளும் மட்டுமே இருந்ததால் அங்கே இழப்பு சிறியது.

பெரிய இழப்பு மாடியில் நேர்ந்தது. மகனும் மருமகளும் தங்கும் அறையின் மர அலமாரிக்குள், எண்களை அழுத்தித் திறக்கும் சிறிய மின்னணுப் பெட்டி ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். அகலம் 31 சென்டிமீட்டர், உயரமும் ஆழமும் தலா 20 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 8 கிலோ. வெளிநாட்டு விடுதி அறைகளில் பார்க்கும் அதே வகைப் பெட்டிதான். அதற்குள் ஓர் ஆரம், இரண்டு ஜோடி வளையல், பேத்தியின் சங்கிலி என 14 பவுன் நகையும், நான்கு பாஸ்போர்ட்டுகளும், வீட்டின் கிரயப் பத்திரமும் தாய்ப்பத்திரமும் இருந்தன. மகன் வந்து பார்த்தபோது அலமாரியில் பெட்டி இருந்த இடத்தில் நான்கு துளைகளும் கொஞ்சம் மரத்தூளும்தான் மிஞ்சியிருந்தன.

இரண்டு நாள் கழித்து, அரை கிலோமீட்டர் தொலைவில் முள்செடி மண்டிய காலி மனை ஒன்றில் பெட்டி கிடைத்தது. அதன் பின்தகடு ஒரு மூலையில் நெம்பப்பட்டு, கை நுழையும் அளவுக்கு மடித்துத் திறக்கப்பட்டிருந்தது. உள்ளே எதுவும் இல்லை. முன்கதவு மட்டும் பூட்டியபடியே இருந்தது. காவலர்கள் முன்னிலையில் மகன் தன் ஆறு இலக்க எண்ணை அழுத்தியபோது பச்சை விளக்கு எரிந்து, தாழ்க்கம்பிகள் ஒழுங்காக உள்ளிழுத்துக்கொண்டு கதவு திறந்தது.

அந்தப் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. குடும்பம் பெட்டி வாங்கும்போது ஆராய்ந்து பார்த்தது அந்தப் பூட்டை மட்டும்தான். எத்தனை இலக்கம், தவறாக அழுத்தினால் ஒலி எழுப்புமா, பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்றெல்லாம் கடையில் கேட்டிருக்கிறார்கள். திருடியவர்களோ பூட்டைத் தொடவே இல்லை.

பெட்டி தோற்ற விதம்

பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்ததில் மூன்று காரணங்கள் தெரிந்தன. முதலாவது அதைப் பொருத்திய முறை. பெட்டியின் அடித்தகட்டில் உற்பத்தியாளர் நான்கு துளைகள் விட்டு, கான்கிரீட்டில் இறக்குவதற்கான போல்ட்டுகளையும் உடன் கொடுத்திருக்கிறார். ஆனால் அலமாரி செய்த தச்சர், அடியில் இருந்தது 18 மில்லிமீட்டர் பார்ட்டிகிள் பலகை என்பதால், அந்த போல்ட்டுகளை விட்டுவிட்டு மரத் திருகாணிகளால் முடுக்கிவிட்டார். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் பலகையில் திருகாணியின் பிடி மிகக் குறைவு. பெட்டியின் கீழ் கடப்பாரையின் நுனியைக் கொடுத்து ஒருமுறை அமுக்கினாலே பலகை பொடிந்து திருகாணி வெளியே வந்துவிடும். வந்தும் விட்டது.

இரண்டாவது எடை. 8 கிலோ என்பது ஒரு சிறிய அரிசிப் பையின் எடை. கொள்ளையர்கள் வீட்டுக்குள் இருந்தபடி பெட்டியை உடைக்க வேண்டிய தேவையே இல்லாமல், அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆளில்லாத இடத்தில் ஆற அமர உடைக்க முடிந்தது இதனால்தான். திருட வந்தவருக்கு வீட்டுக்குள் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. வெளியே போய்விட்டால் அவருக்கு நேரக் கணக்கே கிடையாது. ஒரு பெட்டகத்தின் முதல் வேலை, அந்த நேரக் கணக்கை வீட்டுக்குள்ளேயே நடக்கச் செய்வது.

மூன்றாவது தகடு. முன்கதவு 4 மில்லிமீட்டர் எஃகு. விளம்பரத்தில் சொல்லப்படும் தடிமன் எப்போதும் இந்தக் கதவினுடையதுதான். மற்ற ஐந்து பக்கங்களும் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. பழைய பீரோக்களின் தகட்டோடு ஒப்பிட்டால் இது தடிமன்தான் என்றாலும், கடப்பாரைக்கு முன் இரண்டும் ஒன்றே.

பூட்டிலும் பலவீனம் இல்லாமல் இல்லை. இவ்வகைப் பெட்டிகளில் எண் சரியாக இருந்தால் ஒரு சிறு மின்காந்தச் சுருள், அதாவது சொலினாய்டு, ஊசி போன்ற ஒரு தடுப்பை இழுத்துக்கொள்கிறது. மலிவான வகைகளில் வெளியிலிருந்து வலுவான நியோடிமியம் காந்தத்தை வைத்தே அந்த ஊசியை நகர்த்திவிடலாம். பெட்டியின் மேல் தட்டிக்கொண்டே கைப்பிடியைத் திருப்பினால் ஊசி ஒரு கணம் குதித்து வழிவிடுவதும் உண்டு. எண்பலகைக்கு அருகில் ஒரு சிறு மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் அவசரச் சாவித் துளை, பெரும்பாலும் உருளைச் சாவிக்கானது. அதைத் திறக்கும் கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. இவை எல்லாம் பூட்டுத் துறையினருக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்தவை. இந்த வீட்டில் இவற்றில் எதுவும் பயன்படவில்லை என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

எதை, எதிலிருந்து, எவ்வளவு நேரம்

புதிய பெட்டகம் என்றதும் குடும்பத்தில் முதலில் எழுந்த யோசனை, அதே வகையில் பெரியதாக, கைரேகை வைத்துத் திறப்பதாக ஒன்று வாங்கலாம் என்பது. அதற்கு முன், பாதுகாக்க வேண்டிய பொருள்களை ஒரு தாளில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அம்மா எழுதிய பட்டியல் இரண்டு பக்கம் நீண்டது. அதை வைத்துக்கொண்டு பேசியபோதுதான், ஒரே பெட்டிக்குள் போடப்படும் பொருள்களுக்கு வேறு வேறு எதிரிகள் இருப்பது தெளிவானது.

தங்கத்துக்கு எதிரி திருட்டு. தீ அதற்குப் பெரிய எதிரி அல்ல. சுத்தத் தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பும் வெள்ளியும் கலந்த ஆபரணத் தங்கம் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். ஆனால் உருகினாலும் தங்கம் தங்கமாகவே அங்கே கிடக்கும். வேலைப்பாடு போகும், பொருள் போகாது. முத்தும் பவளமும் பதித்த நகைகளுக்கு இது பொருந்தாது. பத்திரத்துக்கோ தீயும் நீரும்தான் எதிரிகள். பத்திரத்தைத் திருடுவதற்காக யாரும் அந்த வீட்டுக்கு வரவில்லை. நகை இருந்த பெட்டிக்குள் இருந்ததால் மட்டுமே அது போனது. புகைப்படங்கள் சேமித்த ஹார்ட் டிஸ்க்குக்கு இவை எல்லாவற்றுக்கும் மேலாக, காகிதம் தாங்கும் வெப்பத்தைக்கூடத் தாங்க முடியாத பலவீனம் இருக்கிறது.

பத்திரம் தொலைந்ததால் அந்தக் குடும்பம் பட்ட அலைச்சலை இங்கே சொல்லாமல் விட முடியாது. நகை போன துயரம் சில வாரங்களில் ஆறத் தொடங்கியது. பத்திரத்துக்காகக் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று பெற்று, நாளிதழில் அறிவிப்பு கொடுத்து, சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி முடிக்க மாதங்கள் பிடித்தன. திருடியவர்களுக்கு ஒரு ரூபாய்கூடப் பெறாத அந்தக் காகிதத்தை நகையோடு ஒரே பெட்டியில் வைத்ததன் விலை இது.

பட்டியலை மூன்றாகப் பிரித்தோம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும், திருமணத்துக்கும் வளைகாப்புக்கும் எடுக்கும் கனமான நகைகளும் அசல் பத்திரங்களும் வங்கி லாக்கருக்குப் போக வேண்டியவை. மாதத்தில் சில முறையாவது அணியும் நகைகளும் பாஸ்போர்ட்டுகளும் வீட்டில், நல்ல பெட்டகத்தில் இருக்க வேண்டியவை. கழுத்திலும் காதிலும் எப்போதும் இருப்பவை மூன்றாவது வகை. மதிப்பைக் கொண்டு பிரிக்காமல் பயன்பாட்டைக் கொண்டு பிரித்ததால், வீட்டில் இருக்க வேண்டியது 16 பவுனுக்குள் அடங்கிவிட்டது.

அப்பா வங்கி லாக்கரை முழுமையாக நம்பவில்லை. அவர் தயக்கத்தில் நியாயம் உண்டு. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், லாக்கர் விஷயத்தில் வங்கிகள் தமக்குப் பொறுப்பே இல்லை என்று கைகழுவ முடியாது என்று தீர்ப்பளித்து, விதிகளை வகுக்கும்படி ரிசர்வ் வங்கிக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியரின் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ளவை போனால் வங்கியின் பொறுப்பு, அந்த லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு. ஆண்டுக்கு 4,000 ரூபாய் வாடகை கட்டுபவருக்கு இது 4 லட்சம். பவுன் விலை லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொகை சுமார் நான்கு பவுனுக்குத்தான் ஈடு. நிலநடுக்கம், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு அதுவும் இல்லை. எனினும், வங்கியின் காப்பறைச் சுவர்களுக்கும் நம் வீட்டு அலமாரிக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இழப்பீட்டுக் கணக்கு மாற்றிவிடாது. லாக்கரில் வைக்கும் நகைக்குத் தனியே காப்பீடு எடுத்துக்கொள்வது என்ற முடிவோடு அப்பா ஒப்புக்கொண்டார்.

தீயைத் தாங்கும் பெட்டியும் திருட்டைத் தாங்கும் பெட்டியும்

கடைகளில் மூன்று வகைகளைப் பார்த்தார்கள். பழைய பெட்டியின் பெரிய வடிவமாக, 25 கிலோ எடையில், கைரேகைப் பூட்டோடு ஒன்று. தீயில் ஒரு மணி நேரம் தாங்கும் என்று சான்று பெற்ற, 90 கிலோ எடையுள்ள ஒன்று. இரட்டைச் சுவருக்கு இடையே கடினமான கலவை நிரப்பிய, உடைப்புச் சோதனைச் சான்று பெற்ற, 140 கிலோ எடையுள்ள சிறிய பெட்டகம் ஒன்று.

இரண்டாவது பெட்டி எல்லோருக்கும் பிடித்திருந்தது. சுவர் நான்கு விரல் தடிமன், தட்டினால் மந்தமான ஓசை, பார்த்தாலே நம்பிக்கை வருகிறது. ஆனால் அந்தத் தடிமன் எஃகு அல்ல. மெல்லிய இரண்டு தகடுகளுக்கு நடுவே, நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் காப்புப் பொருள் நிரப்பப்பட்டிருக்கிறது. வெளியே வெப்பம் ஏறும்போது அந்த நீர் ஆவியாகி, உள்வெப்பம் ஏறாமல் தடுக்கிறது. அமெரிக்காவின் பாதுகாப்புச் சோதனை நிறுவனமான யு.எல். வகுத்த யு.எல். 72 தரத்தில் ஒரு மணி நேரச் சான்று என்றால், வெளியே உலையின் வெப்பம் ஒரு மணி நேரத்தில் 927 டிகிரி செல்சியஸை எட்டும்போதும் உள்ளே 177 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்குள் காகிதம் கருகாது. திருட்டுக்கு எதிராக இந்தச் சுவர் செய்வது மிகக் கொஞ்சம். தகட்டைக் கிழித்துவிட்டால் உள்ளிருப்பது சுத்தியலுக்கு உதிர்ந்துவிடும். அதே ஈரத்தன்மையால், மாதக்கணக்கில் திறக்காமல் வைத்தால் உள்ளே காகிதம் பூசணம் பிடிப்பதும் வெள்ளி கறுப்பதும் உண்டு. சென்னையின் காற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

தீ விஷயத்தில் இன்னொன்றையும் குடும்பத்தாரிடம் சொன்னேன். 1906-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்து நகரம் எரிந்தபோது, வங்கிகளின் காப்பறைகள் பல தாக்குப்பிடித்தன. ஆனால் சூடு ஆறுவதற்கு முன் அவசரப்பட்டுத் திறக்கப்பட்ட பெட்டகங்களில், காற்று உள்ளே புகுந்ததும் அதுவரை எரியாமல் கிடந்த காகிதங்கள் குபீரெனப் பற்றிக்கொண்டன. நாள்கணக்கில் காத்திருந்து திறந்தவர்களுக்குக் கணக்குப் புத்தகங்கள் மிஞ்சின. தீயில் அகப்பட்ட எந்தப் பெட்டியையும் தொட்டால் குளிரும்வரை திறக்கக் கூடாது.

அசல் பத்திரங்கள் வங்கிக்குப் போகின்றன என்று முடிவானபின், வீட்டுப் பெட்டகத்துக்குத் தீயைவிடத் திருட்டே முக்கியமான சோதனை ஆயிற்று. மூன்றாவது வகையைத் தேர்ந்தது அதனால்தான். பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் எரிந்தாலும் மாற்று வாங்கலாம். அவற்றின் நகல்களை ஸ்கேன் செய்து வேறிடத்தில் சேமிப்பது, நூறு கிலோ இரும்பைவிட நல்ல தீக்காப்பு.

இந்த இடத்தில் கடைக்காரர்களின் பேச்சைச் சற்று எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். ஹெவி டியூட்டி, திருடவே முடியாதது என்பவை சான்றுகள் அல்ல. கதவின் உட்புறத்தில் பதித்திருக்கும் தகட்டில் எந்தத் தரத்தின் எந்த நிலை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் பெட்டகங்களுக்கென ஐ.எஸ். 550 என்ற தரம் இருக்கிறது. அமெரிக்க யு.எல். நிறுவனம், வீட்டுப் பயன்பாட்டுக்கான பெட்டிகளின் முதல் நிலைச் சான்றுக்கு, ஒருவர் கைக்கருவிகளால் 5 நிமிடம் தாக்குவதைப் பெட்டி தாங்க வேண்டும் என்கிறது. டி.எல்.-15, டி.எல்.-30 என்பவை அதைவிடக் கடுமையானவை. மின் கருவிகளோடு முறையே 15, 30 நிமிடங்கள் தாக்கும் சோதனைகள் அவை. ஐரோப்பாவின் ஈ.என். 1143-1 தரம், எடுத்துக்கொண்ட நேரத்தோடு பயன்படுத்திய கருவியின் வலிமையையும் சேர்த்து எதிர்ப்புப் புள்ளிகளாகக் கணக்கிடுகிறது. இந்தச் சோதனைகளில் நிமிடம் என்பது கருவி பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் மட்டுமே. கருவியை மாற்றும் நேரமும் மூச்சு வாங்கும் நேரமும் கணக்கில் சேராது. அதோடு, சோதிப்பவர்கள் அந்தப் பெட்டகத்தின் வரைபடத்தைப் பார்த்துப் பலவீனம் எங்கே என்று அறிந்த தொழிலறிஞர்கள். ஆகவே 5 நிமிடச் சான்று என்பது, இருட்டில் பதற்றத்தோடு வேலை செய்பவருக்குப் பல மடங்கு நீளும்.

குடும்பம் தேர்ந்த பெட்டகம் ஈ.என். 1143-1 தரத்தில் முதல் நிலை. நகைக்கடைக்கு இது போதாது. 16 பவுன் இருக்கும் ஒரு வீட்டுக்கு இது தாராளம் என்பது என் கருத்து.

பூட்டைப் பற்றிய பேச்சு

கைரேகைப் பூட்டு வேண்டும் என்று மகன் விரும்பினார். அதை மறுத்தவர் அம்மாதான், அதுவும் தன் சொந்த அனுபவத்திலிருந்து. ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் ஈரத்துணியால் விரலைத் துடைத்துத் துடைத்து மீண்டும் மீண்டும் வைக்க வேண்டியிருப்பதை அவர் சொன்னார். வயது ஏற ஏறவும், பாத்திரம் துலக்கித் துலக்கியும் ரேகைகள் தேய்கின்றன. வீட்டில் அதிகமாகப் பெட்டகத்தைத் திறக்கப் போகிறவர் அவர் என்னும்போது, அவர் விரலை ஏற்காத பூட்டு அந்த வீட்டுக்குப் பொருந்தாது.

சாவி மட்டும் உள்ள பூட்டு நம்பகமானது, பேட்டரி வேண்டாம், வெள்ளத்திலும் வேலை செய்யும். அதன் சிக்கல் சாவியை எங்கே வைப்பது என்பதுதான். வீட்டுக்குள் நுழைந்தவர்கள் முதலில் தேடுவது சாவியைத்தான் என்பது அந்தப் பீரோவில் தெரிந்தது. இறுதியில், பூட்டுகளுக்கான ஈ.என். 1300 தரச் சான்று பெற்ற ஆறு இலக்க எண்பூட்டும், அவசரத்துக்கு ஒரு சாவியும் உள்ள பெட்டகம் முடிவானது. நான்கு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்புகள். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம். பேத்தியின் பிறந்தநாளும் வீட்டு எண்ணும் வேண்டாம் என்றும், கடையில் அமைத்துத் தந்த மேலாளர் எண்ணை, அதாவது வீட்டார் வைக்கும் எண் இல்லாமலே பெட்டியைத் திறக்கும் இரண்டாவது எண்ணை, அன்றே மாற்றிவிட வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. பழைய பெட்டியில் மேலாளர் எண் ஆறு பூஜ்ஜியங்களாகவே இருந்திருக்கிறது, மூன்று ஆண்டுகளும்.

இடம்: வெள்ளமும் தளமும்

இந்த வீட்டில் கடினமான கேள்வி இதுதான். திருட்டை மட்டும் கருதினால் கனமான பெட்டகம் தரைத்தளத்தில் இருப்பது நல்லது. ஆனால் 2015-இல் அந்தத் தரைத்தளத்தில் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. சுவரில் அந்தக் கோட்டின் தடம், இரண்டு முறை வண்ணம் பூசியும் மங்கலாகத் தெரிகிறது. நீருக்குள் மின்னணுப் பூட்டு செத்துவிடும். சேற்று நீர் உள்ளே போனால் காகிதம் மிஞ்சாது.

தரைத்தளத்துக்கு இன்னொரு குறையும் இருந்தது. நம் ஊர்த் தனி வீடுகளில் தரைத்தளத் தரை என்பது பெரும்பாலும் மணல் நிரப்பி, அதன்மேல் மூன்று அல்லது நான்கு அங்குலம் கம்பியில்லாத கான்கிரீட் போட்டு, கலவை பரப்பி டைல்ஸ் ஒட்டியதுதான். அதில் போல்ட் இறக்கினால் நல்ல பிடி கிடைக்காது. தரையை வெட்டி, 60 சென்டிமீட்டர் சதுரத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் நிரப்பினால் அந்தக் கட்டியே 270 கிலோ எடை இருக்கும். அதில் போல்ட்டுகளைப் பதிக்கலாம். வெள்ளம் வராத ஊராக இருந்திருந்தால் அதைத்தான் பரிந்துரைத்திருப்பேன்.

மாடியில் எடை தாங்குமா என்று அப்பா கவலைப்பட்டார். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 875 விதிப்படி குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்படுகிறது. ஒரே இடத்தில் குவியும் சுமைக்கு 1.8 கிலோநியூட்டன், அதாவது 180 கிலோவுக்குச் சற்று மேல். 140 கிலோ பெட்டகமும் உள்ளே வைக்கும் பொருள்களும் சேர்ந்தும் இதற்குள் அடங்குகின்றன. இருந்தாலும் அறையின் நடுவில் வைக்காமல், இரண்டு உத்தரங்கள் தூணில் சந்திக்கும் மூலையைத் தேர்ந்தோம். முந்நூறு, நானூறு கிலோ பெட்டகமாக இருந்தால் வரைபடத்தைப் பார்க்காமல் யாரும் மாடியில் ஏற்றக் கூடாது. மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இந்த எடையையே ஏற்றக் கூடாது.

மூலை தேர்ந்ததில் திருட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவர் ஒட்டியிருந்தால் கடப்பாரையை வீசவும் நெம்பவும் இடம் குறைகிறது. பெட்டகத்தைச் சுற்றி நீள அலமாரி வந்தபின், கதவுக்கு முன் மட்டுமே கை நுழையும் இடைவெளி இருக்கிறது.

பொருத்தும் வேலை அரை நாள் பிடித்தது. மூலையில் இருந்த டைல்ஸையும் அதன் கீழ்க் கலவையையும் வெட்டி எடுத்து, தளத்தின் கான்கிரீட் தெரியும்வரை சுத்தம் செய்தார்கள். மேலே ஒட்டிய டைல்ஸ் மீதே வைத்து போல்ட் இறக்கினால், போல்ட்டின் பாதி நீளம் பிடிப்பில்லாத கலவையில் வீணாகிவிடும். தளம் ஐந்து அங்குலம் மட்டுமே என்பதால், மின்குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று வீடு கட்டியபோது எடுத்த படங்களைப் பார்த்து உறுதி செய்த பிறகே துளையிட்டோம். 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டுகள் இரண்டு, துளைக்குள் இருந்த தூளை ஊதி வெளியேற்றிய பின், வேதிப் பசையோடு இறக்கப்பட்டன. தூளோடு இறக்கினால் பசை தூளைப் பிடித்துக்கொள்ளும், கான்கிரீட்டைப் பிடிக்காது. 1,000 கிலோவுக்குக் குறைவான பெட்டகங்களுக்குப் பிணைப்புத் துளை கட்டாயம் என்று ஈ.என். 1143-1 சொல்கிறது. சான்றுத் தகடு உள்ள பெட்டகத்தையும் பிணைக்காமல் விட்டால் அந்தச் சான்றுக்குப் பொருளில்லை. 140 கிலோவை நான்கு பேர் தூக்குவார்கள், இதை மாடிக்கு ஏற்றியதும் நான்கு பேர்தான்.

பெட்டகம் வந்த நாளில் அட்டைப்பெட்டியைத் தெருவில் பிரிக்காமல் மேலே கொண்டுபோய்ப் பிரித்தார்கள். அதற்குமேல் மறைப்பு எதுவும் செய்யவில்லை. வீட்டில் வேலை செய்யும் அம்மையாருக்குத் தெரியக் கூடாதே என்று மருமகள் கேட்டபோது, அவருக்குத் தெரிந்தாலும் திறக்க முடியாததாக இருப்பதற்குத்தான் இவ்வளவு செலவும் என்று சொன்னேன். பத்தாண்டுகளாக அந்த வீட்டில் உழைப்பவரைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவது, திருட்டை அடுத்து அந்த வீட்டுக்கு நேரும் இரண்டாவது இழப்பாகிவிடும். ரகசியத்தை நம்பியிருக்கும் பாதுகாப்பு, ஒருவர் வாய் தவறினால் முடிந்துவிடும்.

பெட்டகம் தடுக்க முடியாதவை

ஆளில்லாத வீட்டில் நடக்கும் திருட்டுக்குத்தான் இவ்வளவும். வீட்டில் ஆள் இருக்கும்போது கத்தியோடு வந்தால், திறந்து கொடுத்துவிட வேண்டும். இதை அப்பாவிடம் தனியாகவும் சொன்னேன். அவர் எதிர்த்து நிற்கக்கூடியவர். 16 பவுனும் அவர் உயிரும் ஒரே தராசில் ஏறக் கூடாது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா திட்டம் தீ, வெள்ளம், புயல் போன்றவற்றிலிருந்து வீட்டையும் உடைமைகளையும் காக்கிறது. ஆனால் நகைகளை அதில் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும், பூட்டை உடைத்து நடக்கும் திருட்டுக்குத் தனிக் காப்பு எடுக்க வேண்டும். இந்தக் குடும்பத்திடம் முன்பு இருந்த காப்பீட்டில் இரண்டும் இல்லை. இழந்த 14 பவுனுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல் போனது இதனால்தான். இப்போது எல்லா நகைக்கும் படம் எடுத்து, எடை குறித்து, ரசீதோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அண்மையில் வாங்கிய நகைகளில் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு இலக்க அடையாளக் குறியும் இருக்கிறது. அதையும் பெரிதாகப் படமெடுத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். திருட்டுப் புகாரில் 'ஆரம் ஒன்று' என்று எழுதுவதற்கும் அந்தக் குறியை எழுதுவதற்கும் விசாரணையில் பெரிய வேறுபாடு உண்டு.

பெட்டகத்தின் அவசரச் சாவி இப்போது வங்கி லாக்கரில் இருக்கிறது. வங்கி லாக்கரின் சாவி வீட்டுப் பெட்டகத்துக்குள் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டும் முடங்கிப்போனால் என்ன செய்வது என்று மருமகள் கேட்டதால், எண்ணை எழுதி ஒட்டிய உறை ஒன்றை, மேலே எதுவும் எழுதாமல், ஊரில் இருக்கும் மகளிடம் கொடுத்திருக்கிறார்கள். எண் தெரிந்தவர்கள் அம்மாவும் மகனும் மட்டுமே. பேட்டரியை ஆண்டுதோறும் ஆயுத பூஜை அன்று மாற்றுவதென்றும், அன்றே அலமாரியை விலக்கி போல்ட்டுகளின் முறுக்கைச் சோதிப்பதென்றும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி காலத்து வெள்ளிக் குத்துவிளக்கு இரண்டும் பெட்டகத்துக்குள் அடங்கவில்லை. அவை பூஜை அறையில் பழைய இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் எடையும் படமும் காப்பீட்டுப் பட்டியலில் ஏறிவிட்டன.